விபத்து நடந்த தேதி

படிவம் கேட்கிறது:
விபத்து நடந்த தேதி.
எட்டுக் கட்டங்கள்.

எந்த நாளைச் சொல்வது?
நான் விழவில்லை. என்மேல் எதுவும் விழவில்லை.
புத்தகம் எடுத்தேன், வைத்தேன்.
எடுத்தேன்,
வைத்தேன்.

உட்லண்ட்ஸ் கிளையில்
புத்தகம் திருப்பிப் போடும் பெட்டி
விடிவதற்குள் வயிறு முட்டியிருக்கும்.
பள்ளி விடுமுறை முடிந்த திங்கள் என்றால்
கதவைத் திறந்ததும் சரியும்
மைலோ கறை பட்ட சித்திரக் கதைகள்,
எண்ணெய் குடித்த சமையல் குறிப்பு,
ஃபோர்-டி சீட்டைப் பக்கக் குறியாக வைத்து
யாரோ பாதியில் விட்ட தேர்வு வழிகாட்டி.
கட்டைவிரல் ஒரு பக்கம், நான்கு விரல் மறுபக்கம்,
ஒரு பிடிக்கு மூன்று.
அவசரமென்றால் ஐந்து.

பாலிகிளினிக்கில் அந்த இளம் மருத்துவர்
கட்டைவிரலை உள்ளே மடக்கி மூடி
சுண்டுவிரல் பக்கம் சாய்க்கச் சொன்னார்.
சாய்த்தேன்.
அடுத்த அறைக்கும் கேட்டிருக்கும்.

"பாரம் தூக்குவீங்களா?"
"இல்ல டாக்டர், புத்தகந்தான்."
பேருந்தில் வரும்போதுதான் யோசித்தேன்,
அந்தத் 'தான்' எனக்குள் எப்படி வந்தது என்று.

ரோஸ்னாவுக்குத் தோள்பட்டை: மேல் தட்டு எட்டாது.
ஹுய் மின்னுக்கு முதுகு: கீழ்த் தட்டுக்குக் குனிய மாட்டாள்.
மூன்று பேரும் சேர்ந்தால்
ஒரு ஆள் வேலை பார்க்கலாம் என்று
ஓய்வறையில் சிரித்துக்கொள்கிறோம்.
கோயோ பிளாஸ்திரி மணக்கும் சிரிப்பு.

வீட்டில் மாவு பிசைவது இப்போது சேந்தன்.
சப்பாத்தியைக் கிழிக்கத்தான்
எனக்கு இன்னொரு கை வேண்டும்.
அதை அவரிடம் சொல்லவில்லை.

"தேதி போடாட்டி சிஸ்டம் அடுத்த பக்கம் போகாது லா,
ஏதாச்சும் ஒண்ணு போடுங்க"
என்கிறார் மேற்பார்வையாளர் திருமதி கோ.
நல்ல மனுஷி. அவருக்கும் மணிக்கட்டில் பட்டை.

வலக்கையை மடியில் கிடத்திவிட்டு
இடக்கையால் சுட்டியைப் பிடிக்கிறேன்.
நாட்காட்டி திறக்கிறது.
பின்னால் போகும் அம்புக்குறி,
ஓர் அழுத்தலுக்கு ஒரு மாதம்.
வேலையில் சேர்ந்த நாளுக்குப் போக
நூற்று அறுபத்தெட்டு முறை அழுத்த வேண்டும்.

அழுத்துகிறேன்.
மார்ச். பிப்ரவரி. ஜனவரி. டிசம்பர்.
மகள் தொடக்கப்பள்ளி முடித்த வருடம் கடக்கிறது.
முகக்கவச வருடங்கள் கடக்கின்றன.
இன்னும் பாதித் தூரம் இருக்கையில்
இடது கட்டைவிரலின் அடியில்
மெல்ல, ஒரு நூல் இழுபடுகிறது.

இதற்கு மட்டும்
தேதி தெரியும்.