பிற குறிப்புகள்

ஆறு மாதம்.
மாதம் பன்னிரண்டாயிரம்,
முதல் மாதத்தது இன்னும் வரவில்லை.
அட்டையில்: ஹெப்சிபா, பயிற்சியாளர், ஈரநிலம்.

எண்ணூர்க் கழிமுகம், முழங்கால் சேறு.
கயிறு கட்டிய பத்துக்குப் பத்தில்
உயிரோடிருக்கும் கண்டல் கன்றுகளை எண்ணவேண்டும்.
நட்டது நாற்பது.
நிற்பது பதினொன்று.
இலையைத் துடைத்தால்
விரலில் அனல்மின் நிலையத்துச் சாம்பல்.

பல்லில் பறியைக் கடித்தபடி
சேற்றைத் தடவிவந்த கன்னியம்மா
வாயிலிருந்து அதை எடுத்துவிட்டுக் கேட்டாள்:
"எண்றதுக்கா காசு தர்றாங்க?"

"ஆமாக்கா."

"அப்ப என் எறாலையும் எண்ணு.
விடியலேர்ந்து ஒம்போது."

படிவத்தில் அதற்குக் கட்டமில்லை.
'பிற குறிப்புகள்' பக்கத்தில்
ஒன்பது என்று எழுதினேன்.

கிளம்பும்போது
என் டிபன் பாக்ஸில் இரண்டைப் போட்டாள்.

பேருந்தில் உட்கார்ந்து யோசிக்கிறேன்:
அடித்துவிட்டு
ஏழு என்று எழுதவா?