பதினோராவது புள்ளி

பனி ஏறிப் பள்ளிக்கூடம் பூட்டியபின்
நாரின் ஆற்றின் அந்தப் பள்ளத்தாக்கு
என் திரையில் பதினான்கு பச்சைப் புள்ளிகள்.
நான் பாடம் நடத்துபவள் அல்ல.
அறுந்ததை ஒட்டுபவள்.

கோபுரம் வருகிறதென்று மூன்று வருடமாய்ச் சொல்கிறார்கள்.
அதுவரை
முதல் வீட்டுக் கணினி இரண்டாம் வீட்டுக்குக் கொடுக்கும்,
இரண்டாவது மூன்றாவதற்கு.
தீப்பிடித்த வீட்டுக்கு வாளி வாளியாய்க்
கைமாறிப் போகும் தண்ணீர்போல்
பின்னக் கணக்கும் ருஷ்ய இலக்கணமும்
ஆற்றோரமாய் மேலேறிப் போகும்.
பாதி வழியில் கொஞ்சம் சிந்தும்.

கடைசி வீடு பெகிமாய்.
கேள்வி அவளிடமிருந்துதான் அதிகம்,
வந்து சேர நாற்பது நொடி.
பூஜ்யத்தால் ஏன் வகுக்கக் கூடாது என்று
அவள் கேட்டது வந்து விழும்போது
கீழ்வீட்டுப் பிள்ளைகள் அடுத்த பக்கத்தில் இருப்பார்கள்.
முணுமுணுத்தபடி திரும்பி வருவார்கள்.

பதினோராவது புள்ளி சுயுன்பெக்.
டிசம்பரில் பதிவேட்டில் அவன் பெயரை அடித்துவிட்டார்கள்:
குதிரைகளோடு போய்விட்டான், இனிப் படிப்பு வேண்டாமாம்.
கருவியைத் திருப்பிக் கொடு என்று
நான்தான் எழுதினேன். விதி அது.
ஒருமுறை, இருமுறை.
பதில் இல்லை. புள்ளி மட்டும்
இரவும் பகலும் எரிந்துகொண்டிருந்தது.

பிப்ரவரியில் ஜீப் எடுத்துக்கொண்டு ஏறினேன்,
ஒரு பையும் கையெழுத்துப் படிவமுமாய்.

அவன் இல்லை.
மேல்வீட்டைப் பார்த்த ஜன்னலில் கணினி;
குளிரில் உறையாமலிருக்க
குதிரைச் சேணத்தின் கம்பளியைச் சுற்றியிருந்தான்.
டிராக்டர் பேட்டரியிலிருந்து ஒரு வயர்,
முடிச்சில் பிளாஸ்திரி.
"அணைத்தால் அந்தப் பெண்ணுக்குப் பாடம் போகாதாம்,"
அவன் அம்மா அடுப்பிலிருந்து கண்ணெடுக்காமல் சொன்னாள்.
"படுக்கும்முன் விளக்கு எரிகிறதா பார்க்கச் சொல்லியிருக்கிறான்.
எனக்கு அது மட்டும்தான் தெரியும். பச்சை என்றால் நல்லது."

நான் கணக்கைத் திறந்து பார்த்தேன்.
அந்த வாரம் அவன் வழியே கடந்துபோனவை
அறுநூற்றுப் பன்னிரண்டு பக்கங்கள்.
அவன் திறந்தது ஒன்றுகூட இல்லை.

எல்லாப் பிள்ளைக்கும் என்று
எங்கள் ஜீப்பின் கதவில் எழுதியிருக்கிறது,
ஆரஞ்சு எழுத்தில்.
அன்று அதைச் சாத்தும்போது
கொஞ்சம் ஓங்கிச் சாத்திவிட்டேன்.

பிளாஸ்திரியைப் பிரித்து
முடிச்சைப் பற்றவைத்துவிட்டு வந்தேன்.
படிவத்தில் காரணம் என்ற கட்டத்தில்
பாதை மூடியிருந்தது என்று எழுதினேன்.

இறங்கும் வழியெல்லாம் வெயில்.
வண்டி ஓரிடத்திலும் சறுக்கவில்லை.