திங்கட்கிழமை வரை

லூதியானா டாக்டர் தெளிவாகச் சொல்லிவிட்டார்:
ரத்தம் எடுக்கும்வரை நிறுத்தாதீர்கள்.
நிறுத்தினால் ரத்தம் பொய் சொல்லும்.
தினமும் கொடுங்கள். வயிறு நிறையக் கொடுங்கள்.

அதனால் துப்பட்டாவால் மூக்கைக் கட்டிக்கொண்டு
மகளுக்குக் கோதுமை ரொட்டி தேய்க்கிறேன்.

இந்த வீட்டில் இரண்டு தவா.
பிடியில் சிவப்பு நூல் சுற்றியது என்னுடையது,
சோளமும் கம்பும் மட்டுமே கண்டது.
மற்றதை நான் தொட்டு ஏழு வருடம்.
நவ்தேஜ்தான் சுடுவான், அவனும் அவளும் சாப்பிடுவார்கள்.
இந்த வாரம் அவன் மண்டியில்,
விலை போகாத மூட்டைகளுக்குக் காவலாக.

பதினோரு ஏக்கர் கோதுமைக்கு
வாக்கப்பட்டு வந்தவள் நான்.
வந்த புதிதில் முடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தது,
நகம் கரண்டிபோலக் குழிந்தது,
இரண்டு பிள்ளைகள் மூன்றாம் மாதத்திலேயே
வந்த வழி திரும்பிப் போனார்கள்.
கண்ணேறு என்றார்கள். தாயத்துக் கட்டினார்கள்.
புகுந்த வீடு பிடிக்கவில்லை இவளுக்கு என்றார்கள்.
வீடு எனக்குப் பிடித்துத்தான் இருந்தது.
வீட்டு மாவுக்குத்தான் என்னைப் பிடிக்கவில்லை.

நோயின் பெயரைக் கேட்டு
மாவு மில் தரம்பால் வயிறு குலுங்கச் சிரித்தார்:
பஞ்சாபிக்குக் கோதுமை ஆகாதா?
நாளைக்கு மீனுக்குத் தண்ணீர் ஆகாது என்பாயோ?
ஒரு துகள் என்னம்மா செய்துவிடும்?

ஒரு துகள் என்ன செய்யும் என்று
ராத்திரி இரண்டு மணிக்கு
கழிவறைச் சுவரில் நெற்றியை முட்டுக்கொடுத்துக்கொண்டு
விளக்கமாகச் சொல்வேன், வந்து கேளுங்கள்.

நாத்தனார் ஹர்லீன் கல்யாணத்தில்
சோறும் பருப்பும் மட்டும்தான் தொட்டேன்.
பருப்பில் பெருங்காயம்.
பெருங்காயத்துக்குள் மைதா ஒளிந்திருக்கும் என்பது
படித்துத் தெரிந்துகொண்டதல்ல,
மூன்று நாள் படுத்துத் தெரிந்துகொண்டது.

நவ்தேஜ் ராத்திரியில் கைப்பம்பில் தாடி கழுவுவான்.
வாய் கொப்பளிப்பதையும் சேர்த்து இருபது அடி.
விளக்கை அணைத்துவிட்டு எண்ணிக்கொண்டிருப்பேன்.
பதினைந்தில் நின்றால் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுப்பேன்.
எங்கள் ஊடல் இவ்வளவுதான்,
ஐந்து அடி தண்ணீர்.

அதையெல்லாம் சமாளித்துவிட்டேன்.

கதவு நிலையில் ஒரு பென்சில் கோடு,
போன வைசாகிக்குக் கீரத்தின் உயரம்.
இந்த வைசாகிக்கும் பென்சில்
அதே கோட்டின்மேல் வந்து நின்றது.
மொட்டை என்று நினைத்துச் சீவினேன்.
சீவி மறுபடி வைத்தேன்.

குருத்வாராவில்
நெய்ச் சூடு ஆறாத பிரசாதம் உள்ளங்கையில் விழும்.
இரண்டு கையாலும் வாங்கி, நெற்றியில் தொட்டு,
அவள் கைக்கு மாற்றுவேன். பிறகு கை கழுவுவேன்.
எப்போதும் அவளுக்கு இரண்டு பங்கு.
தோழிகளிடம் பீற்றிக்கொள்வாள்.
நேற்று தூக்கம் வராமல் கணக்குப் போட்டேன்:
பல் முளைத்த நாளிலிருந்து
ஞாயிறுக்கு ஒன்றாக
என் பங்கையெல்லாம் இவளுக்குள்தான் போட்டிருக்கிறேன்.

வெளியே அறுவடை இயந்திரம்
இன்னும் விளக்குப் போட்டு ஓடுகிறது.
ஜன்னலைச் சாத்தினாலும்
உமித்தூசு திரையில் பொன்னாக ஒட்டுகிறது.

ரொட்டி உப்பி எழுகிறது. கை மறக்கவில்லை.
விரலால் குத்தி ஆவியைப் பறக்கவிட்டுச் சிரிக்கிறாள்.
குச்சிக் கைகள், பானை வயிறு, ஆறு வயது.
அப்பா சுட்டதைவிட நன்றாயிருக்கிறதாம்.
ஏன் இத்தனை நாள் நீ சுடவில்லை என்கிறாள்.

இன்று வெள்ளி.
வேளைக்கு இரண்டு, மூன்று வேளை,
ஞாயிறு ராத்திரி வரை.
எண்ண வேண்டாம் என்று எண்ணிவிட்டேன்: பதினெட்டு.

இன்னொன்று, மம்மி.

மாவை உருட்டி வைக்கிறேன்.
தவாவில் இருப்பதைத் தட்டில் எடுத்துப் போட்டு
வெண்ணெய் தடவுகிறேன்,
ஓரம்வரை.