இருந்தால் சரி

சத்துவாச்சாரி, மூன்றாம் மாடி, இரவு இரண்டு.
திரை ஒவ்வொரு நூலகமாய்த் தேடுகிறது:
வரைகலை, உண்டு.
பேட்டரி, உண்டு.
ஒலி, இல்லை. பரவாயில்லை, மேலே போ.

இந்தப் பெருந்தன்மைதான் வம்பு.
என் கணினியில் கண்ணில் பட்டதையெல்லாம்
கேட்காமலே மடியில் கட்டிக்கொண்டு
குடியாத்தம் போன நிரல்
அங்கே வரைகலை இல்லையென்றதும்
வாயே திறக்கவில்லை.
முனவ்வர் போனில் கத்தினான்:
"என்ன இருக்கு, என்ன இல்லேன்னு
சொல்றதுக்குத்தானே இதை எழுதின?"

திருத்தினேன்.
கட்டும்போது, கேட்டால் மட்டும் சேர்.
சேர்த்ததையும் ஓடும்போது தேடு.
கிடைக்காவிட்டால்
அந்த இடத்தில் சின்னதாய் ஒரு கோடு,
பிறகு மற்றதைச் சொல்.

காட்பாடி போகும் முதல் பஸ்
பாலாற்றுப் பாலத்தில்.
கீழே மணல், கருவேலம்,
ஒரு டயர்.
முனவ்வரிடமிருந்து ஒரே சொல்:
ஓடுது.