இன்று வியாழன்

கீழ் வாசலில் முத்திரை குத்தி வெளியே அனுப்பிவிடுவார்கள்.
மேல் வாசல் கணவாய்க்கு அப்பால்,
இருபது கிலோமீட்டர்.
நடுவில் எங்கள் வீடு மட்டும்.
சாலையில் சரியும் கல்லை அள்ளுவது
என் கணவர் துருசுபெக்கின் வேலை.
எந்த நாட்டுச் சம்பளம் என்று கேட்பவர்கள் உண்டு.
கீழ் நாட்டுச் சம்பளம்.
பாதி நாள் அள்ளுவது மேல் நாட்டுப் பனி.

கோடையில் சைக்கிள்கள் வரும்.
உதடு வெடித்து, மூக்குத் தோல் உரிந்து,
கதவருகே சாய்ந்து தண்ணீர் கேட்பார்கள்.
அவர்களுக்கு விசா வேண்டாம்.
கீழே அறுபது நாள், மேலே முப்பது.
கடவுச்சீட்டில் இருக்கும் முகமாக இருந்தால் போதும்.
இந்த ஏற்றத்துக்குப் பிறகு
யாருக்கு இருக்கிறது அந்த முகம்?

மேல் நாட்டில், ஏரிக்கரையில் இருக்கிறாள் என் அக்கா ஜூராகான்.
குதிரையில் போனால் ஒரு பகல்.
வாசலைத் திறந்துவிட்டார்கள் என்றதும் நானும் போனேன்.
சிப்பாய் நல்ல பையன், தேநீர்கூடக் கொடுத்தான்.
"இது வெளிநாட்டாருக்கு மட்டும்" என்றான், தரையைப் பார்த்து.
எட்டி இருப்பவனுக்கு வழி,
ஒட்டி இருப்பவளுக்குத் தாழ்.
தேநீரைக் குடித்துவிட்டுத் திரும்பினேன்.

யோரிஸ் செப்டம்பரில் வந்தான்.
மலையே இல்லாத நாடாம் அவனுடையது.
கணவாயில் பனி விழ, மூன்று இரவு தங்கினான்.
பாதி ரஷ்ய மொழியிலும் பாதி கையாலும்
விரல் விட்டு எண்ணிக்கொண்டே இருந்தான்:
கீழே அறுபதும் தீர்ந்துவிட்டது,
மேலே ஒன்றாம் நாள் இன்னும் பிறக்கவில்லை,
அப்படியானால் இன்று?
"இன்று வியாழன்" என்றேன்,
"அடுப்புக்குச் சாணம் பொறுக்க வா."

புறப்பட்ட காலையில்
உலர்ந்த தயிர் உருண்டை ஒரு பை கொடுத்தேன்.
ஏரிக்கரை. நீலக் கதவு. பொன்பல் வைத்தவள்.
வேறு முகவரி தெரியாது.

பதினோரு நாள் கழித்து
மேலிருந்து இறங்கினாள் ஹேவோன் என்ற கொரியப் பெண்.
அவள் சைக்கிளில் தொங்கியது என் பை.
வெறும் பையைத் திருப்பக் கூடாது என்று
உள்ளே ஒரு ஜோடிக் கம்பளிக் காலுறை,
ஒன்றைவிட மற்றது நீளம்.
அக்கா கை அப்படித்தான்.

பிறகு ஹேவோன் தன் நோட்டில்
ஒரு பக்கத்தைத் தேடித் திறந்து நீட்டினாள்.
ஏழு வருடம் கழித்துப் பார்க்கிறேன் அந்தக் கோணல் எழுத்தை:
"உப்பு அதிகம்."

கெட்ட செய்தியா என்று கேட்டாள்,
நான் முகத்தைத் துடைப்பதைப் பார்த்து.
"இல்லை, சண்டை" என்றேன்.
படுக்கை விரித்துக் கொடுத்தேன்.
இவளுக்கும் இந்த இரவு எந்தக் கணக்கிலும் சேராது.
அடுத்த பைக்கு உப்பைக் குறைப்பதா,
இன்னும் ஒரு கை அள்ளிப் போடுவதா என்று
விளக்கை அணைத்த பிறகும்
யோசித்துக்கொண்டே கிடந்தேன்.