சொத்து எண் 0417

திரையை முதலில் வாங்கியது தப்பு.
இருபத்தேழு அங்குலம்,
குறுக்கே மூவாயிரத்து எண்ணூற்று நாற்பது புள்ளி,
சம்பளம் விழுந்த இரவு,
தள்ளுபடி முடிய ஏழு நிமிடம் இருக்கையில்.
வீட்டில் அதற்கு ஈடுகொடுக்க ஒன்றுமில்லை.
பழைய மடிக்கணினி அதனோடு கோத்ததும்
சூடாகி, இரைந்து, அணைந்துவிட்டது.

மேக்தான் வேண்டும். வேலை அப்படி.
பதினோரு வருடமாய்
அறிவிப்புப் பலகைகளுக்குத் தமிழ் அடுக்குகிறேன்.
நான்கு மொழியில் கடைசி வரி என்னுடையது,
இடம் போதாவிட்டால் முதலில் சுருங்குவதும் அது.
ஆனால் ஆப்பிள் கடைக் கண்ணாடியில்
விலை தெரிந்த அளவுக்கு
என் முகம் தெரியவில்லை.

ஆகவே உபி. ஆறாவது மாடி.
சரக்கு மின்தூக்கியில் என்னோடு
ஒரு காலி மீன்தொட்டியும் ஏறியது.
கோக் வெங் கடையில்
குத்தகை முடிந்த அலுவலகங்கள் கூரைவரை,
வங்கி, கப்பல், காப்புறுதி என்று
அட்டையில் எழுதி ஒட்டியிருந்தார்.
சம்பந்தம் பேசுவதுபோல்
தலைமுறை விசாரித்தேன்.

ஆறாம் தலைமுறை மலிவுதான்.
ஒற்றை எச்டிஎம்ஐ துளை,
வினாடிக்கு முப்பது தடவைக்குமேல் தராது,
சுட்டி சேற்றில் நடக்கும்.
எட்டாம் தலைமுறை ஒல்லி. இரண்டு டிஸ்பிளேபோர்ட்,
அறுபது தரும்.
வைஃபை அட்டை மட்டும் ஒத்துவராது, மாற்றவேண்டும்.
"மேக் வேணும்னா மேக் வாங்கு லா" என்றார்.
நூற்றுத் தொண்ணூறு வெள்ளி
நூற்று எழுபதுக்கு இறங்கியது, ஒரு கம்பியும் சேர்த்து.

பேருந்தில் மடியில் வைத்துக்கொண்டேன்.
முதுகில் ஒரு கப்பல் நிறுவனத்தின் ஒட்டுத்தாள்:
சொத்து எண் 0417.
அதன் கீழே, வெளிறிய மஞ்சள் சீட்டில்,
'அணைக்காதீர்கள், ப்ளீஸ். ஹஸ்லிண்டா.'
மூடியைத் திறந்தபோது
ஒரு ஸ்டேப்ளர் ஊசி, நீளமான ஒரு முடி,
விசிறி இதழ்களில் யாருடையதோ
எட்டுவருட மதியத்தூசி.

மூன்று இரவு.
ஆப்பிள் சின்னம் வரும், கோடு பாதிவரை ஓடும்,
நின்றுவிடும்.
ஒப்பந்தப் பக்கத்தில் 'ஏற்கிறேன்' என்று அழுத்தும்போது
நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டேன்.
நான்காம் இரவு ஓடியது.
தூங்கப் போட்டால் மட்டும் எழுந்திருப்பதில்லை.
என்னென்னவோ செய்துபார்த்தேன்,
கடைசியில் ஹஸ்லிண்டா சொன்னதைக் கேட்டேன்.
அணைப்பதில்லை.

முதல் வேலையாய்ப் பழைய கோப்பு ஒன்றைத் திறந்தேன்,
அழகு பார்க்க.
'தீ ஏற்பட்டால்' என்பதன் மேல் புள்ளிகள்
பழைய திரையில் சிறு சதுரங்களாய் நின்றவை
உருண்டிருந்தன,
கடுகை எண்ணெயில் போட்டதுபோல் பளபளவென்று.
கொஞ்ச நேரம் சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன்.
பிறகு அடுத்த சொல்.
'மினதூக்கி.'

பெரிதாக்கினேன். இல்லை.
இன்னும் பெரிதாக்கினேன்.
இல்லாததைக்கூட இவ்வளவு துல்லியமாய்க் காட்டுமா
ஒரு திரை?
இத்தனை நாள் மங்கலில்
இருப்பதாய் நானே நினைத்துப் படித்திருக்கிறேன்.
கோப்பின் தேதி ஆறு வருடம் முந்தையது.
எத்தனை புளோக், ஒரு புளோக்குக்கு எத்தனை மின்தூக்கி?
பெருக்க ஆரம்பித்துப் பாதியில் நிறுத்தினேன்.

இரவு ஒன்றரை மணி. செருப்பு மாட்டிக்கொண்டு
பதினான்காம் மாடியிலிருந்து இறங்கினேன்,
எங்கள் புளோக் மின்தூக்கியில்தான்.
பொத்தான்களுக்கு மேலே அதே பலகை,
நாலாவது வரி.
தினம் நாலு தடவை இதற்கு முதுகு காட்டி நின்றிருக்கிறேன்.
கிட்டே போனேன்.

'ன'வுக்கு மேல்
யாரோ பால்பாயிண்ட் பேனாவால்
ஒரு புள்ளி வைத்திருந்தார்கள்.
நீலம். கொஞ்சம் கோணல்.
பிளாஸ்டிக்கில் மை பிடிக்காமல்
இரண்டு மூன்று தடவை அழுத்திச் சுழற்றிய தடம்.

கதவு திறந்து, மூடி, திறந்தது.
மேலே என் மேசையில்
0417 விழித்திருக்கும்.