உள்ளே இருக்கிறான்

லியோன்சியோ ஊர்மெனெட்டா.
வால்பரைசோ மலைச்சிறையின் பேரேட்டில்
இந்தப் பெயரை ஐந்து முறை எழுதியவன் நான்.
தொழில் என்ற கட்டத்துக்கு
ஒவ்வொரு முறையும் வேறொன்று சொன்னான்.
பல் வைத்தியர். திமிங்கில எண்ணெய்த் தரகர்.
ஒருமுறை, கண்ணிமைக்காமல்,
"துக்கத்தில் இருப்பவன்."
அதையும் எழுதினேன்.
கட்டம் காலியாக இருக்கக் கூடாது, விதி.

கம்பி எண்ண வந்தவர்கள் நடுவே
கம்பி நீட்டவே வந்தவன்.
முதல்முறை சலவை வண்டியில்,
ஈரப் போர்வைகளுக்கு அடியில்.
கழுதை மட்டும் திரும்பிப் பார்த்ததாம்.
அடுத்தது, மணிக்கூண்டைப் பழுதுபார்க்க வந்தவனின் ஏணி.
அதைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தான்.
ஏணி தூக்கிப் போகிறவனை
எந்த ஊரில் யார் மறிக்கிறார்கள்?
"பார்த்து, சுவர் உரசப் போகிறது" என்று
கதவை அகலத் திறந்துவிட்டார் காவலர்.
மூன்றாவதுக்கு மூன்று கதைகள் உண்டு,
மூன்றையும் அவனே சொல்லிவிட்டுப் போயிருந்தான்.
நான்காவது, என் மேலங்கியோடு.
எனக்குப் பதினொரு நாள் சம்பளம் பிடித்தார்கள்.
அந்தக் குளிர்காலம் முழுக்க
துறைமுகத்திலிருந்து ஏறி வந்த காற்று
என் எலும்பில் கையெழுத்துப் போட்டது.

வெளியில் இருந்த நாட்களில்
ஒரே பியானோவை மூன்று வீடுகளுக்கு விற்றான்.
தெற்கே, இல்லாத ஒரு தீவில்
கலங்கரை விளக்கு ஒன்றின் வெளிச்சத்தை விற்றான்:
கடந்து போகும் ஒவ்வொரு கப்பலும்
பார்த்ததற்குப் பணம் தருமாம்.
அதை வாங்கியவள் ஸுனில்தா கார்வாயோ,
தையல் இயந்திரத்தை விற்று.

ஐந்தாவது முறை, விடுதலை உத்தரவே வந்தது.
வெள்ளிக்கிழமை. மழை. மணி ஐந்தரை.
முத்திரை சவர்க்காரத்தில் செதுக்கியதென்று
பிறகு சொன்னார்கள். இருக்கலாம்.
எங்கள் ஊர்ப் பெயரில் ஓர் எழுத்தின் தலைமேல்
சின்னக் கோடு ஒன்று இழுக்க வேண்டும்.
நீதிபதி ஓசாந்தோன்
பத்தொன்பது வருடமாக அதை இழுத்ததில்லை.
இந்தத் தாளில் இருந்தது,
இமைமயிர் போல, அழகாக.

தெரிந்துவிட்டது எனக்கு.
சுவரோரம் நின்றவன் ஒன்றும் சொல்லவில்லை.
நான் அறிய முதல்முறையாக
அந்த வாய் மூடியிருந்தது.
ஒத்துத்தாளை எடுத்தேன். மையை ஒற்றினேன்.
"போகலாம்."

விசாரணையில் ஏன் என்று கேட்டார்கள்.
"பிழையே இல்லை, அதனால் நம்பினேன்" என்றேன்.
ஒருவர்கூடச் சிரிக்கவில்லை.
ஐந்தாவது முறை என்பதால்
பத்திரிகைக்குப் போகக் கூடாதென்று மட்டும்
மேலிடத்து உத்தரவு.

மறு ஞாயிறு, படியேறி
மூச்சு வாங்க வந்தாள் ஸுனில்தா.
"உள்ளே இருக்கிறானா?"
"உள்ளே இருக்கிறான்."
"அறையிலிருந்து கடல் தெரியுமா?"
"தெரியாது."
"நல்லது. தெரிந்தால் அதையும் விற்றுவிடுவான்."
போகிறபோது
ஒரு பொட்டலத்தை மேசையில் வைத்தாள்.
சாம்பல் நிறக் கம்பளிக் காலுறை.
"அவனுக்குக் கால் சீக்கிரம் சில்லிட்டுவிடும்."

மாதம் ஒருமுறை வந்தாள்.
மாதம் ஒருமுறை அவனை உள்ளே வைத்தேன்.
காய்ச்சல் கொடுத்தேன், இருமல் கொடுத்தேன்,
தச்சுப் பட்டறையில் வேலை கொடுத்தேன்.
ஒருமுறை, மன்னிப்புக் கேட்டான் என்றுகூட.
அன்றைக்கு அவள்
கைக்குட்டையைத் தேடிக்கொண்டே அழுதாள்.
அந்தச் சொல்லுக்கு நான் காசு வாங்கவில்லை.
எனக்கும் அவனுக்கும் அதுதான் வித்தியாசமென்று
ரொம்ப நாள் நினைத்திருந்தேன்.

எந்தச் சுவரும் பிடித்து வைக்காதவனை
ஏழு குளிர்காலம்
நாங்கள் இரண்டு பேர்தான் வைத்திருந்தோம்.

காலுறை ஏழு ஜோடி.
இப்போதும் ஒன்றைப் போட்டிருக்கிறேன்.
விரல் நுனியில் கொஞ்சம் தொளதொளப்பு.
அவன் பாதம் என்னுடையதைவிட நீளம்.
அளவு அவளுக்குச் சரியாகத் தெரிந்திருக்கிறது.